மடிப்புக்குள் ஈரம்

என்னங்க,

"இவளை உலுக்கினா ரெண்டு படி பவுடர் கொட்டும்டா" என்று நண்பர்கள் முன்னால் சிரித்தீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்புக்கு அடியில் வேர்வை தேங்கித் தோல் வெந்திருந்தது. எதற்கெடுத்தாலும் நீங்கள் செய்யும் கேலிக்குப் பயந்து, மூன்று மாதமாக யாரிடமும் காட்டாமல் பவுடரையே அப்பினேன். நேற்று ரத்தம் கசிந்தது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நர்ஸ் களிம்பு தடவிவிட்டு, "பவுடர் ஈரத்துல கட்டியாகி இன்னும் உரசும்மா. கழுவிட்டு, தேய்க்காம ஒத்தி எடுங்க. மடிப்புல பருத்தித் துணி வைங்க. இவ்வளவு நாள் ஏன் வரல?" என்றார்.

வேலை அதிகம் என்றேன். அங்கேயும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இனிக் குளித்ததும் அறையைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உடம்பு காயும்வரை நிற்பேன். சாப்பாடு எங்கே என்று கதவைத் தட்டாதீர்கள். அடுப்படி எங்கே என்று தெரியாவிட்டால் தேடிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி