கார் இல்லாத தீவில் உன் மகள்

என் செல்லத் தங்கச்சி வதனி,

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் மகள் ஆரணி இப்போது ஹோம்புஷில் என்னுடன்தான் இருக்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை, வீதியைக் கடக்க மாட்டேன் என்கிறாள். உன் சைக்கிளில் கார் மோதிய நாளிலிருந்து கார் எஞ்சின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுகிறாள். பயம் கூடிக் கூடி, பள்ளிக்கூடம் போயே ஐந்து கிழமையாகிறது. டொக்டர் பொறுங்கள் என்கிறார். எத்தனை நாள் பொறுப்பது, சொல்லு?

ஹோக்ஸ்பரி ஆற்றில் கார் ஓடாத ஒரு சின்னத் தீவு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேறு வழி தெரியவில்லை. ஸ்டேஷன் வீதியைக் கடக்காமல் எங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அவளையும் இரண்டு சைக்கிள்களையும் ரயிலேற்றி, பிறகு ஃபெரிப் படகில் கொண்டுபோனேன்.

இறங்கியதுதான் தாமதம், சைக்கிளில் ஏறி மிதித்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், வதனி! நான் பின்னால் மிதிக்க, என் செயின் கழன்றது. மாட்டிவிட்டு நிமிர்ந்தால் பிள்ளையைக் காணவில்லை. சுற்றிவரத் தண்ணீர். "ஆரணி! ஆரணி!" என்று கத்திக்கொண்டு ஒவ்வொரு சின்ன ஒழுங்கையாகப் புகுந்து தேடினேன். உனக்கு என்ன பதில் சொல்வேன்?

தீவின் மறுபக்கத்தில், மணலில் இருந்தாள்.

"வா பிள்ளை, ஃபெரி போகப்போகுது."

"நான் வரேல்லை மாமா. அங்க கார் இருக்கு."

கெஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை. கடைசியில், உன் செத்தவீட்டில்கூட யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்டைக்குப் பஸ்ஸுக்கு நிக்காத, சைக்கிளிலை கெதியா வா எண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தது நான்தான்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐ நோ, மாமா. அம்மா ஸ்பீக்கரிலை போட்டிருந்தவா."

ஏழு மாதமாக இதைத் தெரிந்துகொண்டா என் கையால் வாங்கிச் சாப்பிட்டாள்? மணலில் விழுந்து அழுதேன். உன்னை எடுத்துக்கொண்டு போனபோதுகூட நான் அழவில்லை.

"அழாதேங்கோ மாமா. நான் வாறன்," என்று அவள்தான் என்னை எழுப்பினாள்.

திங்கட்கிழமை சீருடை போட்டாள். வீதிக் கரைவரை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். பச்சை விளக்கு மூன்று தரம் எரிந்து அணைந்தது. அவளால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பிவிட்டோம். நேற்றும் அப்படித்தான்.

என்னை நீ மன்னிப்பாயா என்று கேட்கத் துணிவில்லை. நாளைக் காலையும் அங்கே போய் நிற்போம். அவள் கடக்கும் வரை, கடந்த பிறகும், அந்தக் கையை நான் விடமாட்டேன்.

உன் அண்ணா,
ஆரணியின் மாமா