உன் இடத்தில் நான் வெட்டிய வரப்பு

அக்கா,

ஊறிய நெல் முளைவிடும்போது ஒரு புளித்த வாடை வருமே, காலையிலிருந்து அதுதான் மூக்கில் நிற்கிறது. கல்வராயன் மலையில் கொட்டிய மழையெல்லாம் நம் ஏரியில் இறங்கி, ஏரி வழிந்து, கதிர் முற்றிய கழனிகள் முழங்கால் தண்ணீரில் கிடக்கின்றன. நீ இருந்திருந்தால் இந்த வாடை வரும் முன்பே ஊரைக் கிளப்பியிருப்பாய். "தண்ணி நின்னுக்கினு இருக்குது, உங்களுக்கு இன்னா தூக்கம்?" என்று தெருவெல்லாம் கத்தியிருப்பாய்.

ஏரிக்கும் வடிகாலுக்கும் ஊர் உன்னைத் தலைவியாக வைத்த வருஷமும் இப்படித்தான் மழை. தலைமைக்கு வருகிறவர் முதலில் தன் வரப்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விடவேண்டும். அதன்பிறகு தங்கள் வரப்பை வெட்ட யாரும் மறுக்கக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நீ வெட்டிவிட்டு மரவள்ளிக் கொல்லைக்காரரைப் பார்த்துச் சிரித்தாய். அவர் கொல்லையைத் தாண்டினால்தான் தண்ணீர் ஓடைக்குப் போகும். "என்துதான் போச்சே, நீங்க இன்னாத்துக்குங்க யோசிக்கிறீங்க?" என்று கேட்டாய். முணுமுணுத்துக்கொண்டே அவரும் வெட்டினார்.

நீ போனபின், வருஷத் திதி முடியும்வரை உன் இடத்தில் யாரையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். உனக்கு மரியாதையாம். மழைக்கு அது தெரியுமா? சங்கராபுரம் தாலுகா ஆபீசில் போய், தண்ணீரை வடிக்க வழி செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். "தலைவர் யாருன்னு சொல்லுங்கம்மா, வந்து பேசறோம்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நேற்று கோயிலுக்கு எதிரே கூட்டம். அங்கேயும், "தெவசம் ஆவாம எப்பிடி?" என்றுதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெல்லு எல்லாம் மொளச்சிப் பூடுச்சின்னா, அக்கா தெவசத்துக்கு எதப் பொங்கிப் படைப்பீங்க?"

கூட்டத்தில் ஒருவர், "அப்ப நீயே இரும்மா" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்னை நியமித்தது அவ்வளவுதான்.

மூழ்காமல் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு மேட்டுத் துண்டு. பிள்ளைகளின் சாப்பாடு அதில்தான் நின்றிருந்தது. இன்று விடிந்ததும் போய் அதன் வரப்பை வெட்டினேன். தண்ணீர் பாய்ந்து கதிர்கள் சாய்ந்தபோது வாய்விட்டு அழுதேன், அக்கா.

மரவள்ளிக் கொல்லைக்காரர் தன் வரப்பின் மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"உங்க அக்கா சொல்லியிருந்தா வெட்டியிருப்பேம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

உன் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். உன் சொல்லுக்கு இருந்த மதிப்பை யாரிடம் போய்க் கேட்பேன்? மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. இந்த மழை விடுவதற்குள் வழி திறக்காவிட்டால், ஊரில் ஒருவர் வீட்டுக்கும் நெல் வராது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் நீயாக முடியாது. உன் பிடிவாதம் மட்டும் கொஞ்சம் என்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அந்தக் கொல்லைக்காரர் வாசலில் போய் உட்காரப் போகிறேன். துரத்தினாலும் எழுந்திருக்க மாட்டேன்.