அக்கா கொளுத்திய சூடம்

28-7-78, வெள்ளி
சாரல் காற்று. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்துவிட்டது. முதல் பஸ்ஸில் தென்காசி. அக்கா மகள் கோமதிக்கு ரிஜிஸ்தர் கல்யாணம். பையன் வாசுதேவநல்லூர், தபால் ஆபீஸ் கிளார்க், வேறு ஜாதி. அக்காவுக்குத் தெரியாது. கோமதி பழைய நீல நூல் சேலை. சாட்சிகளில் முதல் கையெழுத்து நான். அதைப் பார்த்ததும் ரிஜிஸ்திராரே எழுந்து நின்றார். (ஃபேன் போட. அதனால் என்ன, எழுந்தாரே.)

பிறகு டீக்கடை. கோமதி பி.ஏ., தத்துவம்.

"மாமா, என்ன ஆனாலும் பொய் கூடாதுங்காரு ஒருத்தரு. பொய்யால நாலு பேரு நல்லாருந்தா சொல்லலாம்ங்காரு இன்னொருத்தரு."

"நீ எந்தக் கட்சி மக்கா?"

"இன்னைக்கு ரெண்டாவது. அம்மா கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னுருங்க. நானும் போயி, நீங்களும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

ஊருக்கே பொய் சொல்கிறவன் நான். கூட ஒன்று பாரமா? சரி என்றேன்.

29, சனி
கல்யாணச் சேதி அக்காவுக்கு எட்டிவிட்டது. போதாதற்கு, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி என்னைத் தென்காசியில் பார்த்து, அக்காவிடம் வந்து சொல்லிவிட்டான். பாவி.

"ஏலே, சாட்சிக்கு நீயா போன?"

பல்வலி என்றேன். குற்றாலக் குளிப்பு என்றேன். தாசில்தார் கூப்பிட்டார் என்றேன். மூன்றுமே நல்ல கதை. சேர்த்துச் சொன்னதுதான் தப்பு.

அக்கா தட்டில் சூடம் வைத்துக் கொளுத்தினாள்.

"அணைச்சுச் சத்தியம் பண்ணு."

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். சாமி ஒரு பக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன தெரியும்? கையைத் தூக்கிவிட்டேன்.

என் கை இறங்குவதற்குள் அக்கா தன் உள்ளங்கையால் சூடத்தை அமுக்கிவிட்டாள்.

"வேண்டாம்லே. நீ அணைச்சிருவ. பொய்ச் சத்தியம் பண்ணி உனக்கு ஏதும் ஆயிட்டுன்னா?"

அப்புறம், "இனி இந்த வாசல்ல ஏறாத."

செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல்.

"என்ன சேலைலே கட்டியிருந்தா?"

"அரக்குப் பட்டுக்கா. சாண் அகலம் ஜரிகை. ரிஜிஸ்திராரே எந்திரிச்சு நின்னுட்டாரு."

கதவைச் சாத்திவிட்டாள்.

30, ஞாயிறு
காற்று இல்லை. சவரம் பண்ணவில்லை. மருந்துக் கடையில் தீப்புண் களிம்பு ஒன்று. அக்கா தெருமுனை வரை போனேன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கதை ஒண்ணுமில்லையா?" என்றான் சைக்கிள் கடைக்காரன். திரும்பிவிட்டேன். களிம்பு சட்டைப்பையிலேயே.

அந்த நீலச் சேலை அக்காவுடையது. அவள் பெட்டியிலிருந்து கோமதி கேட்காமல் எடுத்து வந்தது. அம்மா சேலையில்தான் தாலி ஏறணும் என்றாள்.

அதையாவது சொல்லியிருக்கலாம்.