பெட்டிக்குள் அடங்காத கார்டு

கம்ப்யூட்டரில் செருகிய புதுக் கார்டு சூடாகும்போது ஒரு வாசனை வருகிறது. ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, கிட்டத்தட்ட அது. பேக்கரிக்கு மேலே இருக்கும் நம் ஸ்டுடியோ அறை முழுக்க இப்போது அந்த வாசனைதான். கீழேயிருந்து ஏறிவரும் பன் வாசனைகூடத் தோற்றுப்போய்விட்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. அதை மூட வழியில்லை. இந்தப் பீர்மேட்டில் பனிமூட்டம் கேட்காமல் கொள்ளாமல் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது உனக்குத் தெரியும். அதனால் கொஞ்ச நேரம் எழுதுகிறேன், எழுந்துபோய் ஜன்னல் கொண்டியை அழுத்திப் பார்க்கிறேன், திரும்பி வந்து கார்டின் காற்றாடி ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன், மறுபடி உட்காருகிறேன். நீ இருந்தால், "ஏட்டி, காலுல சக்கரமா கட்டியிருக்க? ஒரு எடத்துல இரேன்" என்று கத்தியிருப்பாய்.

கத்து. இந்தப் பெட்டியை இவ்வளவு சின்னதாகக் கட்டச் சொன்னதே நீதானே?

நான் பெரிய பெட்டிதான் வேண்டும் என்றேன். நீ கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் விழுந்தால் மலை முழுக்கக் கரண்ட் போய்விடும். கல்யாண வீட்டுக்காரர்களோ ஆல்பம் எங்கே, வீடியோ எங்கே என்று பிடுங்குவார்கள். ஜெனரேட்டர் இருக்கிற இடத்துக்கு, அது கோவிலாகட்டும் தேயிலைப் பேக்டரியாகட்டும், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது உன் கணக்கு. போனோமே. ஜீப்பில் முன் சீட்டில் நீ, உன் மடியில் பெட்டி. "என்னம்மா, கோழிக்குஞ்சா கொண்டுபோறீங்க?" என்று டிரைவர் கேட்பார். "முட்டை போடுத கோழி, மெதுவா ஓட்டுங்க" என்பாய். அதற்காகவே தேடிப்பிடித்து வாங்கிய மதர்போர்டு ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அதில் கார்டு செருக ஒரே ஒரு இடம், அதுவும் ஓரத்தில்.

அந்த ஓரத்தில்தான் ஊரிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைச் செருகப் போவதாகச் சொன்னாய். நிற்குமா என்று கேட்டேன். எதற்கும் நீ செய்வதைத்தான் இதற்கும் செய்தாய். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அலமாரி அடிப்பதென்றாலும் கட்டில் வாங்குவதென்றாலும் முதலில் அட்டை வெட்டி வைத்துப் பார்ப்பது உங்கள் வீட்டு வழக்கம். இடம் அவ்வளவுதான் அங்கே. பேக்கரியிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி வாங்கி வந்து, நெட்டில் போட்டிருந்த கார்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்து வெட்டி, பெட்டிக்குள் சொருகினாய். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "பாத்தியாட்டி, அளவெடுத்துத் தச்ச மாதிரி!" என்று என் முதுகில் ஒன்று போட்டாய். உடனே கார்டுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டாய்.

அது வருவதற்குள் உனக்குக் காய்ச்சல். இந்தக் கல்யாணத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாத்திரையை விழுங்கிக்கொண்டே கேமராவைத் தூக்கினாய். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது கோட்டயத்துக்குக் கொண்டுபோக ஜீப் தேடும் நிலைமை. திரும்பி வந்தது நீ இல்லை. உன்னை அடக்கம் செய்த பிறகு, பார்சல்காரர் இந்தப் படிக்கட்டில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் வாங்கி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிரிக்கவில்லை. எனக்குக் கோபம். கார்டின் மேல் என்ன கோபம், உன் மேல்தான். இப்போதும் அது முழுசாகப் போகவில்லை.

பிரிக்க வைத்தது, நான் பெரியம்மா என்று கூப்பிடும் உன் அம்மா. தோட்டத்தில் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ரப்பர் செருப்பில் சேறோடு படியேறி வந்து, நீ உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

"ஏ பிள்ள, அவ சத்தம் இந்த மிசினுல எங்கயாச்சும் கெடக்குதா?"

நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"மூஞ்சி மனசுல இருக்கு. சத்தந்தான் கொஞ்சங் கொஞ்சமா போயிட்டு இருக்கு. கொழுந்து எடுக்கையில அவ என்னை எப்படிக் கூப்புடுவான்னு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்குது" என்றார்கள். பெரியம்மா அழவில்லை. தொலைந்துபோன சாவியைக் கேட்பதுபோல்தான் கேட்டார்கள்.

ஊரையே படம் பிடித்தவள் உன்னைப் பிடிக்க ஒருநாளும் விடவில்லை. பெரியம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். அதில் எதுவும் தங்கியிருக்காது. ஆனால் நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து போட்ட சத்தமெல்லாம் நம் பழைய டிஸ்க்குகளில் இருக்கிறது. செண்டைக்கும் பேண்டுக்கும் பாத்திர ஓசைக்கும் அடியில் புதைந்துபோய். ஆள் குரலை மட்டும் தனியே பிரித்தெடுக்கிற சாப்ட்வேர் ஒன்று உண்டு. கார்டு இல்லாத நம் மிஷினில் அதைப் போட்டேன். திணறித் திணறி அப்படியே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் மேசைக்கு அடியில் கை விட்டேன்.

நீளம் சரி. அகலம் சரி. தடிமன்? அட்டைக்கு ஏதடி தடிமன்! கார்டு மூன்று விரல் பருமன். பெட்டியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். அளவெடுத்துத் தைத்த மகராசி, துணி தடித்த கம்பளி என்பதைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

அப்புறம் வெறிபிடித்தவள் மாதிரி வேலை செய்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்தேன். பெட்டியின் பின்பக்கம் தடுத்த கம்பியை ஹேக்சா பிளேடால் அறுத்தேன். இரும்புத்தூள் உள்ளே விழக் கூடாதென்று மதர்போர்டை முதலிலேயே எடுத்து வைத்திருந்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. கார்டைச் செருகினால் போர்டே கண்ணுக்குத் தெரியவில்லை. பவர் பட்டன் வயரை மாட்டுகிற ஊசிகள் அதற்கு அடியில் போய்விட்டன. எடு, வயரை மாட்டு, மறுபடி செருகு. பழைய பவர் சப்ளைக்கு இதன் பசியைத் தாங்க முடியாது. பெரிதாக ஒன்று வாங்கினேன், அது பெட்டிக்கு வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கிறது. கனத்தில் கார்டின் நுனி தொங்கியது; தேயிலைக் குச்சி ஒன்றைச் சீவி முட்டுக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு. அன்றைக்கும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கண்ணை மூடி, "இயேசப்பா, இயேசப்பா" என்கிறார்கள். நான் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்கிறேன். கடைசியில் பார்த்தால், மானிட்டர் வயரை வழக்கப்படி மதர்போர்டிலேயே மாட்டியிருக்கிறேன். கார்டுக்கு மாற்றினேன். வெளிச்சம் வந்தது.

உனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடைசிப் பந்தியில் சாப்பிடப் போகும்போது கேமராவை நிறுத்த மாட்டாய். மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாய். அது பாட்டுக்கு நாற்காலிக் காலையும் தரையையும் எடுத்துக்கொண்டிருக்கும். எடிட்டிங்கில் நான் முதலில் வெட்டுவது அந்த வாலைத்தான். வெட்டியதைக் கேட்டதே இல்லை. இரைச்சல்தானே என்று விட்டுவிடுவேன். அன்றைக்கு அந்த வால்களைத்தான் சாப்ட்வேரில் போட்டேன்.

முதலில் வந்தது, "ஏட்டி, வயர மிதிக்காத!" பெரியம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார்கள். "வந்துட்டா" என்றார்கள். பக்கத்து அறையில் நீ நின்று பேசுவதுபோல அவ்வளவு துலக்கமாக இருந்தது. அடுத்த கல்யாணத்தைப் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். ஒவ்வொன்றின் கடைசியிலும், பரிமாறுகிறவர்களிடம், எங்களிடம் ஒருநாளும் பேசாத ஒரு சின்னக் குரலில் நீ கேட்கிறாய்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு ஒரு பொதி கட்டித் தாங்களேன். சாம்பார் தனியா."

இலையில் கட்டிய அந்தச் சோற்றுப்பொதியை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டார் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்கள் என்பாய். சம்பளப் பாக்கியைக்கூட வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவள் நீ. அதையெல்லாம் என் தலையில் கட்டிவிடுவாய். நானும் நம்பினேன்.

பெரியம்மா அதை மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடி, மறுபடி. பிறகு ஒரே கோபமாகச் சொன்னார்கள்: "கேட்டா வாங்குனா? அவங்களாத்தான் குடுத்தாங்கன்னு சொல்லுவாளே. நான் உப்பு இல்ல, ஒறப்பு இல்லன்னு ஆயிரம் கொற சொல்லித் தின்னேனே, பிள்ள!" சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்கள். என்னால் அவர்கள் பக்கம் திரும்ப முடியவில்லை. காற்றாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் வேலை முடிந்து தினமும் வருகிறார்கள். உன் குரல் ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு லயத்துக்குப் போகிறார்கள். இன்னும் பிரிக்காத டிஸ்க்குகள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் இந்தத் திறந்த பெட்டியைப் பார்த்து எனக்கு இவ்வளவு பதற்றம். பனி ஏறி ஒருநாள் இது நின்றுவிட்டால் அவர்களிடம் என்ன சொல்வேன்?

நேற்று போடிமெட்டில் ஒரு கல்யாணம். தனியாகத்தான் எடுத்தேன். கடைசிப் பந்தியும் முடிந்தது. ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் பந்திப்பக்கம் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பாக்கிப் பணத்துக்குச் சண்டை போடுகிற எனக்கு ஒரு பொதி சோறு கேட்க நாக்கு எழவில்லை. நீ எப்படியடி ஒவ்வொரு தடவையும் கேட்டாய்? பரிமாறிய பெரியவர் வாளியைக் கவிழ்த்து வைக்கப் போனார். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டேன். ஒரு பொதி கட்டித் தர முடியுமா என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் இலையை எடுத்துக்கொண்டே, "யாருக்கும்மா?" என்றார்.

"எங்கம்மாவுக்கு" என்றேன்.