கட்டுச்சோத்தோட ஊடும் வருது

கோபிசெட்டிபாளையம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா துணி மடித்துக்கொண்டே சொல்லச் சொல்ல, உன் தங்கை ஷ்ரவ்யா எழுதுகிறாள். இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம் கண்ணு, நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். நச்சுக்கொடி கீழே இருக்கிறது, கட்டிலை விட்டு இறங்காதே என்று டாக்டர் சொன்னதிலிருந்து படிக்க ஏதாவது அனுப்பச் சொல்லிக்கொண்டே இருந்தாயே, இதைப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல முடியாது.

சேதி இதுதான். கேரவன் வாங்கியாகிவிட்டது, அப்பா வருகிறார். ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுவந்து மகளை வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் நம் வழக்கம், உன்னை அசைக்கவே கூடாது என்றதும், நாமாவது அங்கே போக முடியுமா என்று அப்பா தவிக்க ஆரம்பித்துவிட்டார். வயிற்றுக் குழாய் வழியாக டயாலிசிஸ் செய்ய ஆரம்பித்த இந்த இரண்டு வருடத்தில் அவர் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தூசியில்லாத அறையில் டயாலிசிஸ் நீர்ப் பையை மாற்றியாக வேண்டும், ரயிலில் அதற்கு எங்கே போவது? அப்போதுதான் ஷ்ரவ்யா கேரவன் யோசனை சொன்னாள். மகளை வீட்டுக்குக் கூட்டிவர முடியாவிட்டால் வீட்டையே மகளிடம் கூட்டிப் போவோம் என்றாள். புது வண்டி நமக்குக் கட்டாது, பழையதாகத் தேடினோம், கோயமுத்தூரில் லட்சுமணசாமி என்பவரிடம் ஒன்று இருந்தது.

வண்டி பளபளவென்று இருந்தது. கட்டில், சமையல் மேடை, கழிவறை, சுவரெல்லாம் பூப்போட்ட புதுத் தாள். அப்பா வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் எந்தக் குலம், எந்தக் கூட்டம் என்று விசாரித்தார். இரண்டு பேரும் ஒரே கூட்டம், குலசாமி கோயிலும் ஒன்று. அவ்வளவுதான், அந்த நிமிடமே அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள், அவர் என்னை அண்ணி முறை வைத்து நங்கை என்று கூப்பிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அப்பா முன்பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பழைய வண்டியை அதற்கென்று தெரிந்தவர்களை வைத்துச் சோதிக்காமல் வாங்கக் கூடாது என்று நூலகப் புத்தகத்தில் படித்து, உக்கடத்தில் நஸ்ரியா என்ற பெண் அந்த வேலையைத்தான் செய்கிறாள் என்று நம்பர்வரை வாங்கி வைத்திருந்த ஷ்ரவ்யா அவரைத் தடுத்தாள். பங்காளி வண்டிக்கு ஆளை வைத்துச் சோதனையா, நாளைக்குக் கோயிலில் அவர் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்று அப்பா குதித்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஏனுங்க, ஒரே கூட்டத்துல பொண்ணெடுக்க மாட்டோம், வண்டியெடுக்க மட்டும் கூட்டம் பாக்கறீங்களான்னு கேட்டுப்போட்டேன். லட்சுமணசாமியே சிரித்துவிட்டார். தங்கமாட்ட வண்டிங்க நங்கை, தாராளமா வந்து பாக்கச் சொல்லுங்க என்றார். அப்பா மட்டும் வெட்கத்தில் எதிர் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நஸ்ரியா மறுவாரம் வந்தாள், அன்றைக்கும் அப்பா டீக்கடையை விட்டு வரவில்லை. உன் வயதுதான் இருக்கும். பாயை விரித்து வண்டிக்கு அடியில் போனவள் அரை மணி கழித்துத்தான் வெளியே வந்தாள். ஏசியையும் விளக்கையும் ஒன்றாகப் போட்டு ஓட்டிப் பார்த்தாள், ஆர்.சி. புத்தகத்து எண்ணை எஞ்சின் எண்ணோடு ஒப்பிட்டாள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். பிறகு கூரைமேல் குழாயால் தண்ணீர் பீச்சச் சொன்னாள். ஒரு சொட்டு ஒழுகாதுங்கம்மா, நாந்தான் சொன்னனே தங்கம்னு என்றார் லட்சுமணசாமி. தங்கமுன்னாலும் ஒரசித்தானுங்கண்ணா பாப்பாங்க என்று சொல்லிவிட்டு, ஈரம் காட்டும் சின்னக் கருவியைச் சுவரெல்லாம் வைத்துக்கொண்டே வந்தாள். (இதை அம்மா பார்க்கவில்லை, நான் சேர்க்கிறேன் அக்கா. எல்லா இடத்திலும் பதினொன்று, பன்னிரண்டு என்று காட்டிய கருவி, கட்டிலின் தலைமாட்டில் முப்பத்தெட்டு காட்டியது. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.) லட்சுமணசாமியிடம் அனுமதி கேட்டு, நஸ்ரியா திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தாள் கண்ணு. ஈரச்சாக்கு நாற்றம். பூப்போட்ட தாளுக்குப் பின்னால், சரியாக அப்பா தலைவைத்துப் படுக்கும் இடத்தில், கரும்பூஞ்சை கம்பளிபோலப் படர்ந்திருந்தது. ஏசிக்காகக் கூரையை வெட்டிய ஓரத்தில் நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பை மாற்றும்போது கிருமி பட்டால் குழாய் வழியாக வயிற்றுக்குள்ளேயே போய்விடும் என்று நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்.

டீக்கடையிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்தோம். பூஞ்சையை விரலால் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். அம்மணி, நான் இதுக்குள்ள பை மாத்தியிருந்தா என்னாயிருக்கும் என்று நஸ்ரியாவைக் கேட்டார். அதை டாக்டரைத்தானுங்கய்யா கேக்கோணும், ஆனா எங்கப்பாவை நான் இதுல படுக்க வெக்கமாட்டேன் என்றாள் நஸ்ரியா. லட்சுமணசாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஏமாற்றுகிற ஆளில்லை கண்ணு, போன பொங்கலுக்கு அழகுக்காகத்தான் தாள் ஒட்டியிருக்கிறார், அவர் பேரனே இருமிக்கொண்டு அதில்தான் தூங்கியிருக்கிறான். அப்போது அப்பா சொன்னாரே ஒன்று, பங்காளின்னா இதைச் சரிபண்ணிக் குடுங்க, இல்லீன்னா வெறும் வண்டிக்காரரா இருந்துக்கங்க என்று! முந்தின வாரம் வெட்கப்பட்ட மனுசன்தானா இவர் என்று நானும் ஷ்ரவ்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் சரிபண்ணிக் கொடுத்தார், தன் செலவிலேயே. அந்தப் பக்கச் சுவரை முழுசாகப் பிரித்துப் புதுப் பலகை போட்டு, கூரை ஓரத்தை மறுபடி அடைத்தார். நஸ்ரியா இரண்டாம் முறை வந்து இரண்டு மணி நேரம் தண்ணீர் பீச்ச வைத்தாள், கருவி பதினொன்றைத் தாண்டவில்லை. நாலு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், அந்தத் தாளின் மூலைகளில் அப்பாவே மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்தார். டயாலிசிஸ் நர்சும் உள்ளே வந்து பார்த்துச் சரி என்றார். போன ஞாயிறு சத்தியமங்கலம் வரை ஓட்டிப் போனோம். ஆற்றோரம் நிறுத்தி, அப்பா பை மாற்றக் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம் வெளியே நின்றோம். கதவைத் திறந்தவர், என்ன எல்லாரும் எழவூட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க, டீ இருக்குதா என்றார்.

புதன்கிழமை விடியக் கிளம்புகிறோம். உன் மாமன் சரவணன் ஓட்டுகிறான், அவசரமில்லாமல் மூன்று நாள். வண்டி இருபத்திரண்டு அடி நீளம், உங்கள் குடியிருப்பில் நிறுத்த மாப்பிள்ளையை இன்றே அனுமதி கேட்கச் சொல். புளிச்சோறும் எள்ளுச்சோறும் அங்கே வந்து கிளறிக் கட்டிக்கொள்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வந்துவிடாதே அம்மணி, அப்பாவே உன் கட்டிலுக்கு வருவார். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பதினாறும் பெற்று நீ நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
புவனா

அக்கா, உறையில் போடுவதற்குள் அப்பா கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

பூராத்தையும் படிச்சுப்போட்டேன். உங்கம்மா சொன்னது அத்தனையும் நெசந்தான். வாரேன் கண்ணு.