கையால் குத்திய மாவிலை

மே 11, ஞாயிறு

ஒத்துக்கொள்கிறேன். நேற்று திருப்பதியில் பச்சை குத்தும் கடையில் மெஷின் 'கொர்ர்ர்' என்றதும், "கோவிந்தா" என்று அலறி மயங்கி விழுந்தேன். ஊர் அப்படி - வெளியே காத்திருந்த நாலு பேரும் பக்தியோடு "கோவிந்தா, கோவிந்தா" என்று பதில் கொடுத்தார்களாம். ஐம்பத்திரண்டு வயசு எனக்கு.

ஜூன் 5 எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். அதற்குள் ஆளுக்கொரு மாவிலை குத்திக்கொள்வதாக ஏற்பாடு. மனோரமாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. அப்போது அவள் நைனா விடவில்லை. இப்போது நான். முதலில் நான், பிறகு அவள் என்றிருந்தது. என் முகத்தில் தண்ணீர் தெளித்ததோடு அவள் முறை முடிந்துபோனது. சித்தூர் பஸ்ஸில், "ரெண்டு பேரும்னா ரெண்டு பேரும். ஒண்டியா எனக்கு வேணாங்க" என்றாள். அப்புறம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 13

கண்ணாடியில் பார்த்தேன். மேல்கையின் பின்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. மெஷின் கடித்த இடம்! ஃபேக்டரியில் சம்பத்திடம் காட்டினேன். மாம்பழக் கூழ் டின்னுக்கு லேபிள் ஒட்டுவதை விட்டுவிட்டு வந்து பார்த்தான். ஒரே ஒரு குத்துக்கா சார் இந்தக் கூத்து என்றான். குத்து இல்லப்பா, தேள் கொட்டு என்றேன். மதியத்துக்குள் என்னைத் தேள் கொட்டிவிட்டதாகச் செய்தி பரவி, மேனேஜரே வந்து அரை நாள் லீவு கொடுத்தார். சீசன் நேரத்தில்! வாங்கிக்கொண்டேன்.

மே 20

மாவிலை வரைந்த காகிதத்தை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கிழித்துப் போடவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மே 25

மெஷினே இல்லாமல் கையால் குத்துகிறவள் திருப்பதியிலேயே அலிபிரிப் பக்கம் இருக்கிறாளாம். சம்பத் நம்பர் கொடுத்தான். போன் செய்துவிட்டேன். பேசும்போதே வியர்த்தது.

ஜூன் 1, ஞாயிறு

சபீனா. முப்பது வயசிருக்கும். புது ஊசியை எங்கள் கண்முன்னால் பிரித்து, பேனா மாதிரி ஒரு குச்சியில் செருகி, மையில் தொட்டு ஒரு புள்ளி. அப்புறம் ஒரு புள்ளி. பேன் நசுக்குகிற மாதிரி சின்னதாக ஒரு 'டிக்', அவ்வளவுதான் சத்தம். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் பேச்சைக் கேட்கிற வலி. நிறுத்து என்றால் நிற்கிறது. பதினேழு தடவை நிறுத்தினேன்.

போட்டிக் கடை வம்பு ஏதாவது கிடைக்குமா என்று மெஷினைப் பற்றிக் கிளறினேன்.

"மெஷினும் நல்லதுதான் அங்கிள். பெரிய படம்லாம் அதுல சீக்கிரம் முடியும். எனக்கு ஒவ்வொரு புள்ளியா பாத்து வெக்கணும்."

அங்கிளாம்.

மெஷினில் இருபது நிமிஷ வேலை, இங்கே இரண்டு மணி நேரம். ஆனால் என்ன கை! கோடு என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தால் இலை நரம்பு அத்தனையும் புள்ளி. ரத்தம் பேருக்குத்தான்.

அடுத்து மனோரமா. ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. சிரிச்சிக்கினே இருந்தா.

கிளம்பும்போது பின்பக்கப் புள்ளியைக் காட்டி, மெஷின் வேலையின் லட்சணத்தைப் பார் என்றேன். சபீனா அதைப் பார்த்தாள், மனோரமாவைப் பார்த்தாள், மை பாட்டிலை மூடப் போய்விட்டாள். தொழில் மரியாதை.

ஜூன் 3

கையா, மெஷினா? கேன்டீனில் அரை மணி நேரம் பேசினேன். இரண்டையும் அனுபவித்தவன் ஃபேக்டரியிலேயே நான் ஒருவன்தானே.

ஜூன் 5

கல்யாண நாள். காலையிலிருந்து மூன்று தடவை கண்ணாடியில் தன் இலையைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அவளே மருந்து தடவினாள். அந்த மெஷின் புள்ளி மேலேயும் கொஞ்சம் தடவு என்றேன்.

"அது மச்சங்க. கல்யாணத்துக்கு மறுநாளே பாத்தேன். அன்னிக்கி ஊசி உங்க மேல படவே இல்ல."