கோடு போட்ட துணி கட்டிய தொட்டி

இன்று காலை தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது உன் கடை வாடை வந்தது. கஞ்சி போட்ட துணி நனைந்தால் எழுமே, அதே வாடை. மந்தைவெளியில் உன் தையல் மெஷின் நின்று மாதங்கள் ஆகின்றன. வாடை மட்டும் என் வீட்டுக் கொல்லையில், செடிக்குச் செடி கழுத்தில் கட்டித் தொங்குகிறது.

நீ கண்மூடிய பிறகு உன் மகன் இந்தத் தொட்டிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். எல்லோரும் வேலூருக்குக் குடிபோகிறார்களாம். "அத்தா சொல்லிட்டுப் போனாரு மாமா. செடிங்க உங்களாண்டதான் இருக்கணுமாம்" என்றான். நானும் நெஞ்சை நிமிர்த்தி, சென்னப்பட்டணத்துச் செடிகொடிகள் அனைத்துக்கும் இன்றுமுதல் நானே சக்கரவர்த்தி என்று அறிவித்தேன். உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கிற விஷயத்தில் நமக்குள் நடந்த யுத்தம் உனக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் டின்னைத் தகடு தகடாக வெட்டி, கறுப்பு வர்ணத்தில் நான் பெயர் எழுதி நட்டேன். எல்லார் வீட்டிலும் பூக்கிற மல்லிகைக்கு அகிலாண்ட மல்லிகை என்று பட்டம். கனகாம்பரத்துக்கு ஈரேழு லோகமும் போதவில்லை. ஐப்பசி மழை வந்தது. என் வர்ணம் கரைந்து ஓடித் தெப்பக்குளத்தில் கலந்து, அங்கிருந்த மீனெல்லாம் கறுத்துவிட்டன என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்து உடைந்த சிலேட்டில் எழுதினேன், அழிந்தது. கொட்டாங்கச்சியில் ஆணியால் கீறித் தொங்கவிட்டேன், அணில் ஊஞ்சலாடியே கயிற்றை அறுத்தது.

நீ ஓர் எழுத்துகூட எழுதவில்லை. தைக்க வந்த துணியில் எது யாருடையது என்று தெரிய, வெட்டிய துண்டு ஒன்றை முடிந்து வைப்பாயே, அதையே செடிக்கும் செய்தாய். ஆழ்வார்பேட்டை வக்கீல் கொடுத்த ரோஜாவுக்கு அவர் கறுப்பு அங்கியின் துண்டு. தபால்காரர் கொடுத்த கற்றாழைக்குக் காக்கி. பாட்டு வாத்தியாரம்மா கொடுத்த செண்பகத்துக்கு ரவிக்கைப் பட்டு.

"பேரை மறந்தா செடி ஒண்ணும் கோச்சிக்காது நைனா. குடுத்தவங்களை மறந்தாதான் தப்பு" என்றாய்.

"எவனாவது வந்து இது இன்னா செடின்னு கேட்டா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே, ஒண்ணுக்கு ஒம்பது பேரு சொல்றதுக்கு."

அந்த ஒன்பது பெயரில் ஒன்றுகூட இப்போது எனக்கு உதவவில்லை. வந்த தொட்டிகளில் ஒன்று வாடத் தொடங்கியது. முழங்கால் உயரம், நீள இலை, பூவில்லை. வெள்ளையில் நீலக் கோடு போட்ட துண்டு அதில் கட்டியிருந்தது. இன்ன செடி என்று தெரிந்தால்தானே வெயிலில் வைப்பதா நிழலில் வைப்பதா என்று தெரியும். நிழலில் வைத்தேன், இலை மஞ்சளித்தது. வெயிலுக்கு மாற்றினேன், சுருண்டது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். அண்டத்தையே ஆள்கிறவன் ஒரு மண்தொட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொடுத்தவரைக் கண்டுபிடித்தால் போதும் என்று துண்டை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வக்கீல் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோடு போட்டதெல்லாம் நான் போடறதில்லையே" என்றார். பாட்டு வாத்தியாரம்மா கதவைப் பாதிதான் திறந்தார். மாம்பலத்தில் புதிதாகக் கட்டிக் குடிபோன உன் வாடிக்கைக்காரர்கள் வீடுவரை அலைந்தேன். அவர்கள் யாருடைய துணியும் அல்ல.

வீட்டுக்கு வந்து துண்டைத் தரையில் போட்டு முறைத்துக்கொண்டிருந்தேன். என் சம்சாரம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், தோசைக்கல் துடைக்கிற துணியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டாள். அதே நீலக் கோடு.

"உங்க பழைய சட்டைதாங்க. கிழிஞ்சப்புறம் நான்தான் இதுக்கு எடுத்துக்கினேன். அந்தச் செடியும் நீங்க குடுத்ததுதான். ஈரக் கோணியில சுத்தி எடுத்துக்கினு போனீங்களே."

அப்போதுதான் நினைவு வந்தது. அடையாற்றில் ஒரு பங்களாத் தோட்டக்காரன் பிடுங்கிக் கொடுத்தான். பெயரும் சொன்னான். நான் எங்கே காதில் வாங்கினேன். உன்னிடம் என்ன அளப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். உன் கடைவாசலில் நின்று, இது பர்மா ராணி தலையில் சூடியது, பூத்தால் வாசனை சாந்தோம் வரை போய்ப் படகில் இருப்பவனை மயங்கி விழவைக்கும் என்று முழங்கினேன். நீ மெஷினை நிறுத்தாமலே, "பூக்கட்டும் நைனா. சாந்தோம்காரங்க சண்டைக்கு வந்தா நீயே பேசிக்கோ" என்றாய். அளந்தது அத்தனையும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. தோட்டக்காரன் சொன்ன பெயர் மட்டும் வரவில்லை.

அடையாற்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். பங்களா கைமாறிவிட்டது. தோட்டம் இருந்த இடத்தில் டென்னிஸ் ஆடுகிறார்கள். தோட்டக்காரன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பெயர் தெரியாமலே நீ அதை வளர்த்திருக்கிறாய். எப்போது தண்ணீர் விட்டாய், எந்த மூலையில் வைத்தாய், ஒருவேளை பேசிக்கொண்டிருந்தாயா, யாரைக் கேட்பேன்? உன் மகனுக்கு எழுதிக் கேட்டேன். "அத்தா அதைத் தன் மெஷின் பக்கத்துலயே வெச்சிருந்தாரு மாமா, வேற ஒண்ணும் தெரியல" என்று பதில் வந்தது. மெஷினுக்கு நான் எங்கே போவேன்?

உன் வழக்கப்படி பார்த்தால், இந்தத் தொட்டிகளை எனக்குக் கொடுத்தவன் நீ. ஒவ்வொன்றிலும் உன் துணி தொங்க வேண்டும். ஊருக்கெல்லாம் தைத்தவனே, உன் சட்டையில் ஒரு துண்டு என்னிடம் இல்லை.

அந்தச் செடி நேற்றுக் கடைசி இலையையும் உதிர்த்துவிட்டது. குச்சிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். துண்டைத் திரும்பக் கட்ட மனம் வராமல் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு விரல் அகலம்தான். ஒரு செடியின் கழுத்துக்கு இது போதும் என்று விட்டிருக்கலாம். நீ நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்திருக்கிறாய். இத்தனை நாள் நனைந்தும் காய்ந்தும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.